சாயவேரும் சாதித்தொழிலும்: ஒரு பூண்டின் பொருளியல் வரலாறு

மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணற்றரைகளில் தானே முளைக்கும் சிறு பூண்டொன்றை மருத்துவ மரபு இம்பூறல் என வழங்கிற்று. இருமலுக்கும் இரத்தங் கக்கும் நோய்க்கும் அது மருந்தாயிற்று. வணிகமோ அதனைச் சாயவேர் என்றது. பின்னைய பெயரே நிலைபெற்றது. ஒரு செடி மனிதருக்கு எவ்வகையில் பயன்மதிப்புடையதாயிற்று என்பதை அதன் பெயரே புலப்படுத்துவதுண்டு.

தரையோடு படரும் தண்டு, ஒடுங்கிய இலை, குடைபோற் கொத்தாக மலரும் மிகச் சிறிய வெண்பூ. 1753இல் லின்னேயசு இட்ட தாவரவியற் பெயரும் இக்குடைவடிவையே சுட்டுகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் இது அடையாளங் காணப்பட்டதில்லை, சூடுதற்குரிய பூவன்று. செடியின் பெருமை மண்ணுக்குள்ளே, நீண்டு மெலிந்த வேரின் செம்மஞ்சட் பட்டையில் இருந்தது. அலிசரின் எனும் சாயப்பொருள் அதிலுண்டு.

வேரை அவித்துத் துணியைத் தோய்த்தால் மட்டும் நிறம் நிலையாது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியிற் படிகாரம் இட்ட இடமே சிவப்பைப் பற்றும். இரும்புக் கரைசல் சேரின் நிறம் கருமைநோக்கித் திரியும். நீரிற் சுண்ணச்சத்து இருத்தல் வேண்டும். சோழமண்டலக் கரையின் சித்திரத்துணிகள் ஐரோப்பியச் சந்தையில் பெற்ற மதிப்பு இவ்வறிவின்மீதே எழுந்தது. 18ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக்காரர் இந்நுட்பத்தை அறிந்து எழுதியனுப்பப் பெரிதும் முயன்றனர். 1742இல் கேர்தூ பாதிரியார் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. கைவினைஞரின் இரகசியம் இவ்வாறே கடல் கடந்தது.

சோழமண்டலக் கரையிலே சாயவேர் பயிரிடவும் பட்டது. மணற்பாங்கான நிலத்தில் விதைத்து, வேர் முற்றும்வரை ஈராண்டளவு காத்திருப்பர். 1795இல் வெளிவரத் தொடங்கிய தமது நூலில் உரொக்சுபரோ இதனை வருணித்துள்ளார். காட்டில் முளைத்த வேர் குட்டையாயினும் சாயஞ் செறிந்தது என்பதும் அக்காலத்து அறியப்பட்ட செய்தியே.

இலங்கையிலோ தோண்டியெடுத்தலே முதன்மை பெற்றது. தானே முளைத்த வேரின் தரமே இதற்குக் காரணம் எனக் கூறி அமைதல் போதாது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைக் கும்பனியின் உரிமையாக்கினர். தளபதி சுவார்தெக்குரோன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பு, சாயவேரை ஆட்சியின் வருவாய்க் கவலைகளுள் ஒன்றாகவே நோக்குகிறது. வேர் தோண்டுதலையே சாதித்தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தனர். பரம்பரைக் கடமையென வரையறுக்கப்பட்ட உழைப்பு மலிவாகக் கிடைக்கும்போது, நிலத்தில் முதலிட்டுப் பயிர்செய்து ஈராண்டு காத்திருக்க எவர் முனைவர்? சாதியமைப்பு ஈண்டுச் சடங்காசாரம் பற்றியதன்று. உற்பத்தியை ஒழுங்குபடுத்திய உறவாகும். வணிக மூலதனம் அதனைத் தகர்க்கவில்லை, தனதாக்கிக் கொண்டது என்பதே என் துணிபு. அந்நியராட்சி பழைய கட்டுக்களை அறுத்தது என மேலோட்டமாக எழுதுவோர் சாயவேரைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. ஆள்வோர் மாறினரேயன்றி வேரின்மீதான அரசுரிமை உடனே நீங்கவில்லை. 1817இல் வெளியான பெர்த்தொலாச்சியின் பொருளியல் நூலிலும் சாயவேர் இடம்பெறுகிறது.

முடிவு பிறிதோரிடத்திலிருந்து வந்தது. 1868இல் கிறேபே, லீபர்மன் எனும் இரு யேர்மனிய வேதியியலாளர் நிலக்கரித்தார் வழிப்பட்ட அந்திரசீனிலிருந்து அலிசரினை ஆக்கினர். 1869 யூனில், ஒருநாள் இடைவெளியில், யேர்மனிய நிறுவனமும் இங்கிலாந்தின் பேர்க்கினும் மலிவான ஆக்கமுறைக்குக் காப்புரிமை கோரினர். ஒரே மூலக்கூறு, வேரும் வேண்டா, தோண்டும் கையும் வேண்டா. தென் பிரான்சின் மஞ்சிட்டிப் பயிர்ச்செய்கையாளர் தம் பயிர் வீழ்ந்ததைக் கண்டனர். அவர்களுக்கேனும் வேறு பயிரிட நிலமிருந்தது. இங்கு வேர் தோண்டியோர்க்கு அந்நிலமும் தமதாக இருந்ததில்லை.