தூக்கி வீசும் மாம்பழத் தோலில் இவ்வளவு சத்தா? அல்ட்ராசவுண்ட் மூலம் பிரித்தெடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் மாங்கூழ் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும். லாரி லாரியாக வரும் தோத்தாபுரி பழத்தில் சதை மட்டும் கூழாகி டின்னுக்குள் போகிறது. தோலும் கொட்டையும் கழிவாக வெளியே வருகின்றன.

பழத்தின் எடையில் தோல் மட்டுமே சுமார் 15 முதல் 20 சதவீதம். அதாவது 100 டன் பழத்தை அரைத்தால், குறைந்தது 15 டன் தோல் மிஞ்சும். கொஞ்சம் மாட்டுத் தீவனமாகும், கொஞ்சம் உரமாகும். மீதி குவிந்து கிடந்தால் சீக்கிரமே புளித்து, நாற்றமும் ஈயும்தான் மிச்சம்.

இந்தத் தோலில் இருக்கும் சத்துப் பொருட்களைப் பிரித்தெடுக்க, காதுக்குக் கேட்காத ஒலி அலை உதவுகிறது. எப்படி?

தோலில் அப்படி என்ன இருக்கு?

மாம்பழத்தின் சதையைவிடத் தோலில்தான் பாலிஃபீனால்கள் அதிகம். மாஞ்சிஃபெரின், கேலிக் அமிலம், குவெர்செட்டின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்களைக் கட்டுப்படுத்தும் ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை இவற்றுக்கு உண்டு. ஜாம் கெட்டியாக உதவும் பெக்டினும், நிறம் தரும் கரோட்டினாய்டுகளும் தோலில் இருக்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், மாம்பழத் தோல் பொடி கலந்து பிஸ்கட் தயாரித்த ஆய்வை 2008-லேயே வெளியிட்டனர்.

அல்ட்ராசவுண்ட் என்றால் ஸ்கேன் தானே?

அடிப்படை ஒன்றுதான். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேல் போனால் அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் சென்டரில் பயன்படுவது மெகாஹெர்ட்ஸ் அளவிலான மென்மையான அலை. சத்துப் பிரிக்கப் பெரும்பாலும் பயன்படுவது 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அலை. அதிர்வெண் குறைவு, ஆனால் அடி பலமானது.

உள்ளே என்ன நடக்கிறது?

தோல் பொடி கலந்த திரவத்துக்குள் இந்த அலை பாயும்போது கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உருவாகின்றன. அவை பெரிதாகி, சட்டென்று உள்நோக்கி உடைகின்றன. இதற்கு கேவிட்டேஷன் என்று பெயர். உடையும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரியைத் தொடும். புள்ளி அளவு இடத்தில், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் மொத்தத் திரவமும் கொதிப்பதில்லை.

குமிழி உடையும் வேகத்தில் தாவரச் செல்லின் சுவர் கிழிகிறது. திரவம் உள்ளே புகுந்து, சத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

பழைய முறையில் என்ன பிரச்னை?

கஷாயம் வைப்பது மாதிரிதான் பழைய முறை. திரவத்தில் ஊற வைக்க வேண்டும் அல்லது சூடாக்க வேண்டும். ஊற வைத்தால் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் ஆகும். நீண்ட நேரம் சூடாக்கினால் சத்தே சிதையலாம். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வேலை முடிகிறது. வெப்பமும் கரைப்பானும் குறைவாகவே போதும்.

படிப்படியாக நடப்பது இதுதான்:

• தோலைக் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்திப் பொடியாக்குவார்கள்
• எத்தனால் கலந்த தண்ணீரில் பொடியைக் கலப்பார்கள்
• அல்ட்ராசவுண்ட் தொட்டியில் வைப்பார்கள், அல்லது அலை எழுப்பும் உலோகக் கம்பியைத் திரவத்துக்குள் இறக்குவார்கள்
• வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கி மீட்பார்கள்
• மிஞ்சும் சாற்றை உலர்த்திப் பொடியாக்குவார்கள்

அப்புறம் ஏன் எல்லா ஆலையிலும் இது இல்லை?

முதல் தடை ஈரம். தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். புளிப்பதற்குள் உலர்த்தியாக வேண்டும், அதற்கு எரிபொருள் செலவாகும். இரண்டாவது, சீசன். சில மாதங்கள் மட்டுமே வரும் தோலை நம்பி ஆண்டு முழுக்க இயந்திரத்தை ஓட்ட முடியாது.

மூன்றாவது, அளவு. ஆய்வகக் குடுவையில் சீராகப் பரவும் அலை பெரிய தொட்டியில் ஓரம் வரை போவதற்குள் வலுவிழந்துவிடும். அதற்காக நேரத்தைக் கூட்டினால், குமிழிகள் உடையும்போது தண்ணீரிலிருந்து உருவாகும் ரேடிக்கல்கள் பிரித்த சத்தையே சிதைக்கலாம்.

அப்படியே தோலைச் சாப்பிடலாமா?

கவனம் தேவை. தெளித்த பூச்சிக்கொல்லியின் எச்சம் தோலில்தான் அதிகம் தங்கும். மாம்பாலும் தோலும் பட்டால் சிலருக்கு அலர்ஜி வரும். பிரித்தெடுத்த சாற்றிலும் எச்சப் பரிசோதனை அவசியம். ஆய்வகத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் தெரிந்தாலே அது மருந்து ஆகிவிடாது. சுகர், கேன்சர் குணமாகும் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம்.

விவசாயிக்கு என்ன லாபம்?

2025 சீசனில் தோத்தாபுரி விலை சரிந்து கிருஷ்ணகிரி, சித்தூர் விவசாயிகள் தவித்தனர். கூழ் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் தொழிலில், கூழ் தேங்கினால் பழத்துக்கும் விலை இல்லை. தோலுக்கும் ஒரு விலை கிடைத்தால் ஆலைக்கு இரண்டாவது வருமானம் வரும். ஆனால் அந்தப் பணம் தானாகத் தோட்டத்துக்கு வந்துவிடாது. கொள்முதல் விலையில் தோலின் மதிப்பும் சேர்ந்தால்தான் விவசாயிக்குப் பலன்.

முதலில் வேண்டியது பல ஆலைகள் சேர்ந்து பயன்படுத்தும் உலர்த்தும் வசதி. உலர்ந்த தோல் கெடாது. சீசன் முடிந்த பிறகும் இயந்திரத்துக்கு வேலை இருக்கும்.