லயம்: ஒரு வரிசை ஊரான கதை

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்த லயம்?" என்பதுதான். "பணிய லயம், தொங்கக் காம்பரா" என்று பதில் வரும். பள்ளத்து வரிசையின் கடைசி அறை என்று பொருள்.

இசையின் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. "குதிரை லாயந்தான் லயமாச்சு" என்று கசப்போடு சொல்வதுண்டு. நெஞ்சுக்குப் பொருந்தினாலும், சொல்லின் பிறப்பு வேறு. படையாட்களின் வரிசைக் குடில்களை ஆங்கிலேயர் 'லைன்' என்றார்கள். கோப்பித் தோட்டத்தில் கூலியாட்களுக்குக் கட்டிய நீள்வரிசைக்கும் அதே பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டில் 'போலீஸ் லைன்', 'லைன் வீடு' என்று அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது. இலங்கையிலோ லயன் என்றாகி, லயம் என்று மகர ஈறும் பெற்று, மரத்தில், குளத்தில் என்பதுபோல 'லயத்தில்' என வேற்றுமை உருபும் ஏற்றது.

உள்ளே போனால் இன்னும் சொற்கள். முன்திண்ணை 'இஸ்தோப்பு', ஒல்லாந்தர் விட்டுப்போனது. அறை 'காம்பரா', போர்த்துக்கீசருடையது. காலையில் பேர் பதியும் 'பிரட்டுக்களம்' ஆங்கிலேயரின் 'பரேட்'. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் அதன் வாசலுமாக மூன்று ஆட்சிகளின் சொற்கள். கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தன. கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் அதே லயத்தில்தான் இருந்தார்கள்.

இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவில் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். தோட்டத்தார் அவற்றை 'நாடு' என்பார்கள். லயம் அந்த நாட்டில் சேரவில்லை, சட்டமும் சேர்க்கவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட வழிவிடவில்லை. வாக்குப் போட்டவர்களின் லயத்துப் பாதையைச் சபையால் செப்பனிட முடியாமல் போனது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டு, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமானது.

'புதிய கிராமம்' என்று பெயர் சூட்ட ஒரு சட்டம் போதும்; மண் சொந்தமாக அது போதாது. 2016 மே மாத மழையில் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்தையே மூடியது. அங்கே குடியிருந்தவர்களுக்கு அந்த மண் சொந்தமல்ல. காணி உறுதி கைக்கு வரும்வரை, பெயர்ப்பலகை எதைச் சொன்னாலும், ஆட்கள் வாயில் அது லயந்தான்.