ஷெல்டன் கடிகாரம் கடந்து வந்த வழி

அரியலூரில் வெயில் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பன்னிரண்டைக் காட்டாது. ஆண்டுச் சராசரியில் பார்த்தால் அப்போது 12 மணி 14 நிமிடம் ஆகியிருக்கும். மேற்கே இருக்கும் பெரம்பலூருக்கு உச்சிப்பொழுது வந்துசேர இன்னும் முக்கால் நிமிடம் பிடிக்கும். ஊருக்கு ஊர் சூரியன் தனிக்கணக்கு வைத்திருக்கிறது. நம் சுவரில் ஓடுவதோ 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் அதுவே பொது நேரம். அதற்கு முன் இந்திய ரயில்கள் நம்பியிருந்தது ‘மெட்ராஸ் டைம்’. அதைக் கணித்துக் கொடுத்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகம். அங்கே தொடக்க நாளிலிருந்து நின்ற ஆளுயரக் கடிகாரம் ஒன்று, இருநூறு ஆண்டுகள் தாண்டியும் கொடைக்கானல் மலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வசதியான வீடுகளின் கூடத்தில் அழகுக்கு நிற்கும் ‘தாத்தா கடிகார’த்துக்கு இது நெருங்கிய உறவு. அதே உயரம், அதே பெட்டி, அதே பெண்டுலம். ஆனால் இது அழகுக்காகப் பிறந்ததில்லை.

செய்தவர் லண்டன் கடிகாரக்காரர் ஜான் ஷெல்டன். கடிகாரக் கலையின் பேராசான் ஜார்ஜ் கிரஹாமின் பட்டறைக்காகத் துல்லியக் கடிகாரங்களைச் செய்து கைதேர்ந்தவர். பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பூட்டும் வித்தை 1656ல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தந்தது. அதற்கு முன் நாளுக்குக் கால் மணி நேரம் தவறுவது கடிகாரங்களுக்குச் சகஜம். பெண்டுலம் வந்தபின் அந்தத் தவறு விநாடிகளில் அடங்கியது. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். எடைக்குண்டு பல நாள் இறங்கிக்கொண்டே இருக்கவும் இடம் வேண்டும். நிலைக் கடிகாரம் ஆளுயரம் வளர்ந்ததற்கு இந்த இரண்டுதான் காரணம். மரப்பெட்டியின் வேலைப்பாடெல்லாம் அந்த உயரத்துக்குப் பிறகு போர்த்திய சட்டை.

கிரஹாம் பல்சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் அமைப்பைத் திருத்தினார். முன்பு ஒவ்வொரு தடுப்பிலும் சக்கரம் ஒரு துளி பின்னுக்குப் போய்த்தான் முன்னே நகரும். அவருடைய அமைப்பில் அந்தப் பின்னடைவு இல்லை. இன்னொரு எதிரி வெயில். வெப்பத்தில் உலோகம் நீளும். தண்டு நீண்டால் ஆட்டம் மெதுவாகும். எஃகுத் தண்டு என்றால் 10 டிகிரி வெப்பம் கூடும்போது நாளுக்கு ஐந்து விநாடி பின்தங்கும். ஜான் ஹாரிசன் 1720களில் இதற்கு வழி கண்டார். எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று கீழே நீள்வதை மற்றது மேலே நீண்டு ஈடுகட்டும்படி செய்தார். இப்படிப்பட்ட கூட்டுப் பெண்டுலம்தான் ஷெல்டன் கடிகாரத்திலும் ஆடுகிறது.

ஷெல்டனின் கடிகாரங்கள் ஊர்சுற்றிகள். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் குறுக்காகக் கடக்கும் அபூர்வ நிகழ்வு 1761லும் 1769லும் வந்தது. அதை உலகின் பல மூலைகளிலிருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். லண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய குழுக்களோடு ஷெல்டன் கடிகாரங்களும் கப்பல் ஏறின. கேப்டன் குக் டஹிட்டித் தீவுக்குக் கொண்டுபோனதும் ஒரு ஷெல்டன்தான். கொடைக்கானலில் இருப்பது அதன் இணைபிறப்பு என்கிறார்கள் வானியல் வரலாற்றாசிரியர்கள்.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய கருவிகள் வந்த கதை வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியிலிருந்து தொடங்குகிறது. 1786ல் அவர் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். தொலைநோக்கிகளோடு கூட்டுப் பெண்டுலம் பூட்டிய இரண்டு வானியல் கடிகாரங்களும் அங்கே இருந்தன. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளியே நிற்கும். பயணியும் பெட்டியும் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரையேற வேண்டும். எடைக்குண்டைக் கழற்றி, பெண்டுலத்தைக் கழற்றி, தனித்தனியாகக் கட்டி அனுப்பாவிட்டால் எந்தக் கடிகாரமும் அந்தப் பயணத்தைத் தாங்காது.

கரையேறினாலும் அடுத்த சிக்கல் காத்திருந்தது. பூமத்தியரேகையை நெருங்க நெருங்கப் பூமியின் ஈர்ப்பு குறைகிறது. 1672ல் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷேர், பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். பூமி சரியான கோளம் இல்லை என்று நியூட்டன் வாதிட்டபோது கையிலெடுத்த சான்றுகளில் அதுவும் ஒன்று. லண்டனில் திருத்திவைத்த பெண்டுலத்தைச் சென்னையில் அப்படியே தொங்கவிட்டால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். விநாடிப் பெண்டுலம் லண்டனில் 994 மில்லிமீட்டர் என்றால் சென்னையில் 991தான். அந்த மூன்று மில்லிமீட்டரைப் பெண்டுலக் குண்டுக்குக் கீழுள்ள திருகைச் சுற்றிச் சுற்றிச் சரிக்கட்ட வேண்டும்.

பெட்ரி ஊருக்குப் புறப்படும்போது கருவிகளை அரசாங்கத்துக்குக் கொடுத்தார். நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் நுங்கம்பாக்கத்தில் 1792ல் வானாய்வகம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கு நட்ட பத்து டன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் உட்பட நான்கு மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் ஆசியாவில் கணித அறிவியல் எப்போது ஊன்றப்பட்டது என்று அறிய வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு.

அங்கே கடிகாரத்துக்குக் கிடைத்த வேலை எளிதானதில்லை. வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கியில் ஒருவர் கண் வைத்திருப்பார். உள்ளே மெல்லிய இழைகள். விண்மீன் ஒவ்வோர் இழையாகக் கடக்கும். பார்ப்பவர் கடிகார முகத்தை ஒருமுறை பார்த்து விநாடியை மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு அதன் ‘டிக்’ ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணை விண்மீன்மேல் வைக்க வேண்டும். இரண்டு ஓசைகளுக்கு நடுவே இழையைக் கடந்தால், விநாடியில் பத்தில் எத்தனை பங்கு என்று அந்தக் கணமே மதிப்பிட வேண்டும். விண்மீனின் இடம் தெரிந்திருந்தால் கடிகாரத்தின் பிழை தெரியும். கடிகாரத்தின் பிழை தெரிந்திருந்தால் புதிய விண்மீனின் இடம் தெரியும். இந்த இரட்டைக் கணக்கை இரவு இரவாகப் போட்டு, வானியலாளர் டி. ஜி. டெய்லர் 1844ல் 11,015 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஊருக்குப் பயன்பட்டது வேறொரு கணக்கு. 1802ல் வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருக்கிறது என்று கணித்தார். வில்லியம் லாம்டன் பரங்கிமலையில் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் இந்த வானாய்வகமே தீர்க்கரேகையின் ஆதாரப் புள்ளி. ரயிலும் தந்தியும் வந்தபின் மெட்ராஸ் டைம் இந்தியா முழுக்கப் பரவியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம் இருந்தும், ரயில் அட்டவணைக்குச் சென்னையே நடுநிலையாக நின்றது. அந்நாளில் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்திருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களில் ரயில் இல்லை. பஞ்சாங்கத்து நாழிகையும் கோயில் மணியுமே அங்கே நேரம் சொல்லின. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாக ஓடத் தொடங்கிய 1920களின் இறுதியில் மெட்ராஸ் டைம் ஓய்ந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பெரம்பலூர் நகரம் இன்றும் ரயிலுக்குக் காத்திருக்கிறது.

கடிகாரத்தின் கடைசிப் பயணம் மலை ஏற்றம். 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனைப் பார்க்கத் தெளிந்த வானம் வேண்டும் என்று வானியலாளர் மிக்கி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899ல் வானியல் பணி அங்கே மாறியது. அன்று அம்மையநாயக்கனூர் வரைதான் ரயில். பிறகு மாட்டுவண்டி, மலைப்பாதையில் ஆள்களும் மட்டக்குதிரைகளும். சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இன்னும் கொஞ்சம் குறைவு. அடிவாரத்துக் கணக்கில் விட்டால் நாளுக்கு இருபது விநாடிக்கு மேல் பின்தங்கும். பெண்டுலத்துக்கு மறுபடியும் திருகு வைத்தியம். இப்போது அந்த ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கையில். அணுக் கடிகாரம் நேரம் சொல்லும் காலத்திலும் ஷெல்டனுக்கு அங்கே இடமும் பராமரிப்பும் இருக்கின்றன.

வீட்டுக்கு ஒரு பழைய நிலைக் கடிகாரம் வாங்க நினைப்பவருக்கு இந்த வரலாற்றில் பாடம் உண்டு. நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் சாவி கொடுக்கும் பெண்டுலம் சுவர்க் கடிகாரங்கள்: அமெரிக்காவின் அன்சோனியா, சேத் தாமஸ், ஜெர்மனியின் யுங்கான்ஸ். மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் வழியாகவும், பர்மா, மலேயா போய்வந்தவர்கள் மூலமாகவும் அவை இறங்கின. ஆளுயரக் கடிகாரம் ஜமீன் மாளிகைக்கும் கலெக்டர் பங்களாவுக்கும் உரியது. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வரும் சாமான்களில் இரண்டு வகையும் உண்டு.

வாங்குமுன் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பழைய பெட்டிக்குள் புது இயந்திரம் பூட்டுவதும், பேட்டரியில் ஓடும் இயந்திரத்துக்குக் கீழே சும்மா ஆடும் பெண்டுலத்தைத் தொங்கவிடுவதும் சாதாரணம். முகத்தில் ‘லண்டன்’ என்று பொறிக்க ஒரு மணி நேரம் போதும். இயந்திரம் உட்காரும் பலகையில் பயன்படாத திருகுத் துளைகள் இருந்தால், அங்கே முன்பு வேறொரு இயந்திரம் இருந்திருக்கலாம். முகத்தகட்டின் பின்புறம் பழைய பழுதுபார்ப்பவர்கள் கீறிவைத்த பெயரும் தேதியும் தென்பட்டால், அது எந்தச் சான்றிதழையும்விட நம்பகமானது. பளபளப்பாக்குகிறேன் என்று அதைத் தேய்த்துவிட விடாதீர்கள்.

நிறுத்தும் இடமும் முக்கியம். கெட்டியான தளம் வேண்டும். பெட்டியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் அரியலூர்ச் சாலையோர வீடு என்றால் தெருப்பக்கச் சுவர் ஆகாது. அதிர்வு பெண்டுலத்தின் ஆட்டத்தைக் கெடுக்கும். வெயில் நேராக விழும் இடமும் ஏசிக் காற்று அடிக்கும் இடமும் மரத்தைப் பிளக்கும். அடிப்பலகையைத் தரையில் ஒட்டவிடாமல் சற்று உயர்த்தினால் கரையான் ஏறுவதை முன்கூட்டியே பார்க்கலாம். கடிகாரம் பின்தங்கினால் முள்ளைத் தள்ளுவதோடு நிறுத்தாமல், பெண்டுலக் குண்டைத் திருகால் மேலேற்றுங்கள், முந்தினால் கீழிறக்குங்கள். விநாடிப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாளுக்கு 43 விநாடி. வீடு மாற்றும்போது பெண்டுலத்தையும் எடைக்குண்டுகளையும் கழற்றாமல் பெட்டியைத் தூக்காதீர்கள்.

நூறு ஆண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. ஆனால் உள்ளூரில் எடைக்குப் போடுவதை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. ஷெல்டன் கடிகாரத்துக்கு மதிப்பு வந்தது அது யார் செய்தது, எங்கே நின்றது, என்ன வேலை பார்த்தது என்று எழுதிவைத்த பதிவுகளால். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெண்டுலம் கடிகாரம் இருந்தால், விற்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் பழுதுபார்த்தது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.