ஒடிசியஸும் திரும்பி வராத கப்பல்களும்

இத்தாக்காவின் மன்னன் ஒடிசியஸ் டிராய்ப் போருக்கு 12 கப்பல்களுடன் சென்றான் என்கிறது இலியட். 20 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது அவனுடன் சென்றவர்களில் ஒருவர்கூட உடன் இல்லை. இத்தகையவனை வீரநாயகன் எனக் கொண்டாடலாமா என்று கேட்டால், நம் காலத்து அறத்தைப் பழங்காப்பியத்தின்மேல் ஏற்றுவதாக மறுப்பு எழும். அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது ஒடிசியே.

கதிரவனுக்குரிய மாடுகளைத் தின்றதால் தோழர்கள் தாமே அழிவைத் தேடிக்கொண்டனர் என்கிறது ஒடிசியின் தொடக்கம். அவர்கள் செயலுக்கு அங்கே ஆளப்படும் சொல் 'அதஸ்தாலியா'. எல்லைமீறிய மடமை என்று பொருள்கொள்ளலாம். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. மாடுகளைத் தின்றவர்கள் எஞ்சியிருந்த ஒரே கப்பலைச் சேர்ந்தவர்கள். மற்ற 11 கப்பல்களும் அதற்கு வெகுமுன்பே லைஸ்ட்ரிகோனியர் என்னும் மனிதரைத் தின்னும் அரக்கரின் துறைமுகத்தில் நொறுக்கப்பட்டுவிட்டன. அன்று அவையெல்லாம் துறைக்குள் நெருங்கி நின்றன. ஒடிசியஸ் தன் கப்பலை மட்டும் துறைக்கு வெளியே பாறையில் கட்டியிருந்தான். ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. இப்பகுதியைச் சொல்பவனும் ஒடிசியஸே. உயிர் பிழைத்த ஒரே சாட்சியின் வாக்குமூலம் இது.

அந்த வாக்குமூலத்திற்குள்ளேயே ஓர் எதிர்க்குரல் ஒலிக்கிறது. பாலிஃபீமஸின் குகையில் ஆறு தோழர்கள் உண்ணப்பட்டதற்கு ஒடிசியஸின் 'அதஸ்தாலியா'வே காரணம் என்று யூரிலோகஸ் நேரே குற்றஞ்சாட்டுகிறான். தொடக்கத்தில் தோழர்கள்மீது சுமத்தப்பட்ட அதே சொல் இங்கே தலைவன்மீது திரும்புகிறது. பாலாடைக்கட்டிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடலாம் என்று தோழர்கள் அக்குகையில் கெஞ்சியதையும், தான் கேளாததையும் ஒடிசியஸ் முன்னரே ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆயினும் யூரிலோகஸுக்கு அவன் தர நினைத்த பதில் தலையை வெட்டுவது. மற்றவர்கள் தடுத்ததால் அது நடக்கவில்லை.

'ஹீரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை நற்சான்றிதழாக வாசிப்பதால் குழப்பம் கூடுகிறது. ஒடிசியில் பாணன் டெமோடோகஸும் அச்சொல்லால் குறிக்கப்படுகிறான். ஒரு முரசறைவோனும் குறிக்கப்படுகிறான். பிற்கால வழிபாட்டிலும் அது ஒழுக்கத்துக்கான பட்டமன்று. பள்ளியின் தூணைச் சாய்த்து 60 சிறுவர்கள்மேல் கூரை விழச் செய்த மல்லன் கிளியோமிடிஸை, டெல்ஃபியின் அருள்வாக்கு ஹீரோவாக அறிவித்தது என்று பௌசேனியஸ் எழுதுகிறார். இத்தாக்காவின் போலிஸ் விரிகுடாக் குகையில் ஒடிசியஸின் பெயருக்குக் காணிக்கையாக்கிய சுடுமண் துண்டும் கிடைத்திருக்கிறது. ஆக, கிரேக்கப் பொருளில் அவன் ஹீரோ என்பதில் ஐயமில்லை. தன்னை நம்பி வந்தவர்களைக் காத்த தலைவன் என்ற பொருளில் அல்லன்.

இறுதிக் காண்டத்தில், கொல்லப்பட்ட மணவேட்பாளன் ஒருவனின் தந்தை யூபெய்தீஸ் ஊர்மன்றில் எழுந்து இதையே சொல்கிறான்: கப்பல்களை இழந்தான், மக்களை இழந்தான், திரும்பி வந்து எஞ்சிய சிறந்தவர்களையும் கொன்றான். அலெக்சாந்திரிய அறிஞர் அரிஸ்டார்க்கஸ் போன்றோர் காப்பியம் இக்காண்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாகக் கருதினர் என்பது உண்மை. அப்படியே கொண்டாலும் யூரிலோகஸின் சொல் அழியாது. யூபெய்தீஸுக்கோ விடை கிடைக்கவில்லை. ஒடிசியஸின் தந்தை எறிந்த ஈட்டி அவனைக் கொல்கிறது. மகன்களையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர்கள் அக்கொலைகளை மறக்கும்படி செய்ய வேண்டும் என்று சீயஸ் முன்னரே முடிவு செய்துவிட்டான்.