படச்சுருளிலிருந்து எண்ணிமத்திற்கு: கொழும்பு நிழற்படத் தொழிலில் ஒரு தெரிவின் வரலாறு

2000ஆம் ஆண்டிற்கும் 2010ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்திற் கொழும்பு நகரின் நிழற்படக்காரர் பலர் ஒரு தெரிவைச் செய்யவேண்டியவராயினர். படச்சுருளிற் பல்லாண்டு பழகிய கைகள் எண்ணிமக் கமராவை ஏந்தவேண்டி வந்தபோது, எந்த நிறுவனத்தின் எஸ்.எல்.ஆர். கமராவை ஏந்துவது என்பதே அத்தெரிவு. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கடைத்தெரு விடயமாகவே தோன்றும். ஆயின், வாங்குபவர் சுதந்திரமாகச் செய்ததாகக் கருதிய அத்தெரிவின் பெரும்பகுதி, 1959க்கும் 1987க்கும் இடையில் யப்பானிய நிறுவனங்கள் எடுத்த சில முடிவுகளால் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது.

கொழும்பில் நிழற்படத்திற்கு நெடிய மரபு உண்டு. பிளாற்றே நிறுவனம் 1890இல் இங்கு தொடங்கப்பட்டது. லயனல் வென்ட் 1930களில் லைக்கா போன்ற சிறு கமராக்களைக் கொண்டு இந்நாட்டு நிழற்படத்தைக் கலையின் தரத்திற்கு உயர்த்தினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொழில் செய்த ஸ்டூடியோக்காரரின் உலகம் வேறு. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம், புனித லூசியாள் பேராலயத்து முதல் நன்மை, கடவுச்சீட்டுப் படம் என்பனவே அவர்களுக்குச் சோறிட்டன. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திற் கமராவும் படச்சுருளும் எளிதிற் கிட்டும் பொருள்களாக இருக்கவில்லை. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கமராக்கள் தாராளமாக வந்தன. அக்காலத்தில் ஒருவர் வாங்கிய முதற் கமரா எதுவோ அதுவே அவரது எதிர்காலத்தையும் நிர்ணயித்தது எனலாம். உடலை மாற்றலாம், சிறுகச் சிறுகச் சேர்த்த வில்லைகளை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது.

வில்லையையும் உடலையும் இணைக்கும் உலோக வளையமே இங்கு முக்கியமானது. நிக்கோன் நிறுவனம் 1959இல் வகுத்த 'எப்' வளையத்தை அடிப்படையில் மாற்றாது பேணியது. பென்டாக்ஸ் 1975இற் புகுத்திய 'கே' வளையத்தைக் கைவிடவில்லை. மினோல்டா 1985இல் தன்னியக்கக் குவியத்தைக் கமராவின் உடலுள்ளேயே அமைத்தபோது பழைய வளையத்தைத் துறந்தது. கெனன் 1987இல் அதனையே இன்னும் துணிவாகச் செய்தது. அதுவரை விற்ற 'எப்.டி.' வில்லைகள் எதுவும் புதிய 'ஈ.எப்.' வளையத்திற் பொருந்தா.

பொருந்தாமைக்குக் காரணம் வளையத்தின் வடிவம் மட்டுமன்று. வளையத்திலிருந்து படத்தளம் வரையுள்ள தூரம் பழைய கெனனில் 42 மில்லிமீற்றர். புதியதில் 44 மில்லிமீற்றர். பழைய வில்லையை ஏதேனும் இடைவளையம் கொண்டு பொருத்தினாலும், அது படத்தளத்திலிருந்து வேண்டியதற்கு மேல் விலகியே நிற்கும். தொலைவிலுள்ள பொருளைக் குவிக்க மாட்டாது. இடையில் இன்னொரு கண்ணாடியைச் செருகினால் அக்குறை தீரும். படத்தின் தெளிவு குன்றும். இரண்டு மில்லிமீற்றர் வேறுபாட்டால் ஒரு தலைமுறை வில்லைகள் அனாதையாயின. அன்று கெனனைத் தூற்றியோர் பலர். ஆயினும் அம்முடிவே பின்னர் அந்நிறுவனத்திற்கு வாய்ப்பாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. வளையத்தின் ஊடான தொடர்பு முழுவதையும் மின்வழிப்படுத்தியிருந்தமையால், எண்ணிமக் காலம் வந்தபோது 1987இன் ஈ.எப். வில்லைகள் யாவும் தங்கு தடையின்றிப் புதிய உடல்களில் இயங்கின.

எண்ணிம எஸ்.எல்.ஆர். முதலில் எட்டாக் கனியாகவே இருந்தது. கொடக் 1991இல் நிக்கோன் எப்3 உடலைக் கொண்டு உருவாக்கிய கமரா 13 இலட்சம் பிக்சல்களைத் தந்தது. அதன் விலையோ செய்தி நிறுவனங்களுக்கே உரியது. 1999இல் வந்த நிக்கோன் டி1 ஏறத்தாழ 5,500 டொலர். 2003இற் கெனன் 300டி ஆயிரம் டொலருக்குக் குறைவாக 63 இலட்சம் பிக்சல்களுடன் வந்த பின்னரே சிறு ஸ்டூடியோக்காரர் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். நிக்கோன் டி70 அடுத்த ஆண்டில் வந்தது. அதிற் பழைய கைக்குவிய வில்லைகள் பொருந்தின. ஆனால் ஒளிமானி வேலை செய்யவில்லை. மினோல்டாவை நம்பியிருந்தோரின் நிலை பரிதாபமானது. 2006இல் அந்நிறுவனம் கமராத் தொழிலையே சோனியிடம் ஒப்படைத்தது. வளையம் பிழைத்தது, பெயர் மறைந்தது.

வில்லை பொருந்தியோருக்கும் ஓர் இடர் இருந்தது. படச்சுருளின் சட்டகம் 24க்கு 36 மில்லிமீற்றர். மலிவான எண்ணிமக் கமராக்களின் உணரியோ அதனிலும் சிறியது. எனவே 28 மில்லிமீற்றர் வில்லை 42 மில்லிமீற்றர் போலக் காட்டியது. மணவறையை நெருங்கி நிற்கும் சுற்றத்தாருக்கு நடுவே, பின்னால் நகர இடமின்றிப் படமெடுப்பவருக்கு அகன்ற பார்வை போய்விட்டது. 50 மில்லிமீற்றர் வில்லை 75 ஆகி முகப்படத்திற்கு உகந்ததாயிற்று என்பது சிறு ஆறுதல். ஒளியைக் கையாளும் பழக்கமும் மாறவேண்டியிருந்தது. வண்ண நெகற்றிவ் சிறிது மிகையொளியைப் பொறுக்கும். எண்ணிம உணரி பொறுக்காது. மணமகனின் வெண்பட்டு வேட்டியும் தாலிக்கொடியின் பொன்னும் வெறும் வெள்ளைத் திட்டுகளாயின. அதே வேளை, கொச்சிக்கடையிற் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் போன்ற இருண்ட மண்டபங்களில், சுருளை மாற்றாமலே உணர்திறனைக் கூட்டிக்கொள்ள முடிந்தமை பெரும் பேறு. வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தாற் கண்ணாடியிற் பூஞ்சணம் படர்வது மட்டும் எக்கமராவிலும் மாறவில்லை.

தொழிலின் பொருளியலை மாற்றியது வேறொன்று. நெகற்றிவ் ஸ்டூடியோவின் அலுமாரியில் இருந்தது. மறுபிரதி வேண்டுவோர் அங்கேயே வரவேண்டும். அதுவே கடைக்காரரின் சேமிப்பு. எண்ணிமத்தில் வாடிக்கையாளர் குறுந்தட்டைக் கேட்டனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உறவினர் காத்திருந்தனர். கோப்புகள் சில நாழிகையிற் கடல் கடந்தன. அலுமாரி பயனற்றுப் போயிற்று.

அந்த அலுமாரிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது குடும்ப ஆல்பங்களும் நெகற்றிவ்களும் உடன் எரிந்தன. ஒரேயொரு பிரதியாக இருப்பது எளிதில் அழியும் என்பதை இச்சமூகம் நெருப்பிற் கற்றது. ஆதலாற் பிரதி செய்யத்தக்க எண்ணிமப் படம் இங்கு வெறும் வசதியாக மட்டும் கொள்ளப்படவில்லை. 2005இல் நூலகம் எனும் எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கப்பட்டதும் இவ்வுணர்வின் மற்றொரு வெளிப்பாடே. ஆயினும் பிரதி செய்யாதுவிட்ட கோப்பு நெகற்றிவிலும் விரைவில் அழிகிறது. பதிவு செய்த குறுந்தட்டுகள் பல வெப்பத்திலும் ஈரத்திலும் வாசிக்க முடியாதனவாயின. வென்டின் நெகற்றிவ்கள் 1944இல் அவர் மறைந்த பின் அழிந்துபோயின. அவர் தம் கையால் அச்சிட்ட படங்களே இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. எண்ணிமத்திற்கு மாறிய ஸ்டூடியோக்காரர் அச்சிடுவதைக் குறைத்தமை இவ்வகையிற் கவலைக்குரியதே.

2018இற் கெனனும் நிக்கோனும் கண்ணாடியற்ற முழுச்சட்டகக் கமராக்களுக்கெனப் புதிய வளையங்களை வகுத்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதால் விடை கடினமாயிற்று. ஆயின் இம்முறை ஒரு விந்தை நிகழ்ந்தது. கண்ணாடி நீங்கியமையால் வளையத்திற்கும் உணரிக்கும் இடைப்பட்ட தூரம் கெனனில் 20 மில்லிமீற்றராகவும் நிக்கோனில் 16 மில்லிமீற்றராகவும் சுருங்கியது. எஞ்சிய இடத்தில் ஒரு வெற்று உலோகக் குழாயைப் பொருத்தினாற் போதும்; 1987இற் கைவிடப்பட்ட எப்.டி. வில்லைகள் தொலைவையும் அருகையும் முன்போலவே குவிக்கின்றன.