கிளாரிந்தாவின் ஞானஸ்நானம்: பழியும் பாவமும்

கோகிலா என மரபில் அறியப்படும் கிளாரிந்தா, தஞ்சை அரசரிடம் பணியாற்றிய பிராமணர் ஒருவரின் மனைவி. இளமையிலேயே கைம்பெண் ஆனவர். பின்னர் ஆங்கிலப் படை அலுவலர் லிட்டில்டனுடன் மணமின்றி வாழ்ந்தார்; கிறித்தவ சமயத்தையும் அவரிடமே அறிந்தார். அவரது படைப்பணி இருவரையும் பாளையங்கோட்டைக்குக் கொண்டு சேர்த்தது. கிளாரிந்தா ஞானஸ்நானம் வேண்டியபோது, அவ்வுறவு தொடரும்வரை அளிக்க இயலாதெனச் சுவார்ட்சு மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல் அது அளிக்கப்பட்டது.

இங்குப் பழியும் பாவமும் வேறுவேறாகும். கைம்மையும் சாதி நீங்கலும் ஊர் சுமத்திய பழி. மணமற்ற உறவு திருச்சபை கணக்கிட்ட பாவம். அவ்வுறவில் பங்குகொண்ட ஆணும் கிறித்தவரே எனினும், விலைகொடுத்தவர் பெண்ணே. தடையை நீக்கியது அவரது மனந்திரும்புதல் அன்று, ஓர் இறப்பு என்பதும் கருதத்தக்கது. அ. மாதவையாவின் 'கிளாரிந்தா' (1915) என்னும் ஆங்கிலப் புதினம் இவ்வாழ்வைக் கனிவுடன் புனைகிறது. புனைவை வரலாறாகக் கொள்வோரும் உளர்.

ஞானஸ்நானம் மட்டுமே பழியைப் போக்கிற்று எனல் பொருந்தாது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இடம்பெற்ற 40 பேருள் முதற்பெயர் அவருடையது. ஒருகாலத்தில் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டவரே சபையின் தலைமகளானார். அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785இல் அர்ப்பணித்தவரும், முன்பு மறுத்த அதே சுவார்ட்சு. மக்கள் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கினர். அவரை விலக்கிய சாதியின் பெயர் அவ்வழக்கில் தங்கிவிட்டது.