வாப்பாவின் ஹொண்டா 90-உம் மலைநாட்டு வளைவுகளும்

பெருநாள் விடுமுறை நெருங்கினால் எங்கள் பகுதிப் பொடியன்கள் என்னைத் தேடி வருவார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்க அல்ல. "சேர், நுவரெலியா போகப் போறம். ஆர்-15 நல்லமா, எஃப்.இசட் நல்லமா, பல்சர் நல்லமா?" இந்த முறையும் ஐந்து பேர் வந்தார்கள். நான் படிப்பிப்பது வரலாறு, மெக்கானிக் அல்ல. ஆனால் மோட்டார் சைக்கிள் என்றால் என் வாய் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். வாசலில் நின்று சொன்னால் அரைகுறையாகப் போய்விடும், எழுதுகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுதத் தொடங்கினால் அது எங்கள் ஊரின் கதையாகவும் ஆகிவிட்டது. பதிவு நீளம். நேரம் இருக்கிறவர்கள் தேநீரோடு வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் வண்டி ஓடிப் பழகியவனுக்கு வளைவு என்றால் என்னவென்று தெரியாது. இது சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் தட்டையான நிலம். மலை என்ற பெயரோடு கீரிமலை இருக்கிறது. அங்கே போய் மலையைத் தேடிய வெளியூர்க்காரரை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஏற்றம் இறக்கம் என்பது பாலங்கள்தான். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஏ9 வழியே 321 கிலோமீற்றர் ஓடிக் கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னும் எழுபத்தைந்து எண்பது கிலோமீற்றர் மலையேறி, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போகப் போகிறோம். ஒரே பயணத்தில் இரண்டு விதமான வீதி. நேரான நீண்ட வீதிக்கு ஏற்ற வண்டி வேறு, வளைவுக்கு ஏற்ற வண்டி வேறு.

இந்த இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சிக்கு மேற்கு நாடுகளில் ஸ்போர்ட் டூரர் என்று பெயர். 1976-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஆர்100ஆர்எஸ் என்ற 1000 சீசி வண்டியை வெளியிட்டது. முன்பக்கம் முழுவதையும் மூடும் காற்றுமறைப்பைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரிசோதித்துச் செய்தார்கள். ஜேர்மன் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் நெஞ்சில் காற்று அடிக்காது. அல்ப்ஸ் மலை வளைவிலும் சாய்க்கலாம். 1990 அளவில் ஹொண்டா எஸ்.ரி. 1100 வந்தது. அதன் எரிபொருள் தாங்கி 28 லீற்றர். வண்டியின் எடை 300 கிலோவைத் தொடும். பிறகு யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300. இவற்றையெல்லாம் யூரியூப்பில் பார்த்துப் பெருமூச்சு விடலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் நாட்டில் மோட்டார் சைக்கிளை அதிவேக நெடுஞ்சாலைக்குள் விடவே மாட்டார்கள். அந்த யானையை வாங்கி கொடிகாமத்துச் சந்தியில் மாட்டுக்குப் பின்னால் ஓட்டுவதில் என்ன பயன்?

எங்கள் மண்ணின் ஸ்போர்ட் டூரர் வேறு. அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகு கொஞ்சக் காலமும் இங்கே ஓடியவை பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் போன்ற ஆங்கிலேய வண்டிகள். சிறியவற்றில் பேர் பெற்றது 1948-இல் வந்த பி.எஸ்.ஏ. பாண்டம், 125 சீசி. அது உண்மையில் ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ வண்டியின் பிரதி. போரில் தோற்ற நாட்டின் வரைபடத்தை வென்ற நாடு எடுத்துக்கொண்டது. அதே ஜேர்மன் வண்டியைப் பார்த்துத்தான் யமஹாவும் 1955-இல் தன் முதல் வண்டியைச் செய்தது. ஆக பிரித்தானியனும் ஜப்பான்காரனும் ஒரே கொப்பியைப் பார்த்து எழுதிய மாணவர்கள்.

அந்தக் காலத்து இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. வாகனத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது 1957–58-இல் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. சிங்கள எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். ஒரு தகட்டில் உள்ள ஓர் எழுத்துக்காக ஆட்கள் சிறை போன நாடு இது. இலக்கத் தகடு என்று நான் இங்கே சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

1958-இல் ஜப்பானில் ஹொண்டா சூப்பர் கப் வந்தது. சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் நினைத்தது, கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுகையால் ஓட்டக்கூடிய வண்டி. அதனால்தான் கிளட்ச் கைப்பிடி இல்லை. நடுவில் தாங்கி இல்லாததால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாரம் கட்டிய வாப்பாமாருக்கும் சேலை கட்டிய டீச்சர்மாருக்கும் ஏற்றது. 2017-இல் இந்த வகை வண்டியின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. உலகத்தில் எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கைக்கு வந்ததில்லை.

எங்கள் நாட்டில் எழுபதுகளின் நடுப்பகுதி வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977-இல் ஜே.ஆர். அரசு கதவைத் திறந்துவிட, ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. ஹொண்டா 50, 70, 90. கொஞ்சம் வசதியானவர்களுக்கு சி.டி. 125, சி.டி. 200. ஜப்பானில் தபால்காரர் ஓட்டிக் கழித்த எம்.டி. 90-உம் பின்னர் இங்கே வந்து வடக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

என் வாப்பா இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதியவர். அவருடைய ஹொண்டா 90-ஐ நான் பார்த்த நினைவு இல்லை, கதையாகத்தான் தெரியும். 1980-இல் அவரும் அவருடைய கூட்டாளியும் அந்த ஒரே வண்டியில் சோனகத் தெருவிலிருந்து கண்டிக்குப் போய், அங்கிருந்து மஹியங்கனைப் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற இறக்கம் அது. 90 சீசிக்கும் குறைவான என்ஜின், மூன்று கியர், டிரம் பிறேக், இரண்டு ஆள். "ரெண்டாவது கியரில போட்டுட்டு விட்டன். பிறேக்கைத் தொட்டது நாலஞ்சு தரம்தான். அதுபாட்டுக்கு முனகிக்கொண்டு இறங்கிச்சு" என்பார். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 ஒக்டோபர் 30. அந்த நாளைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு மணித்தியாலம் தந்தார்கள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேறினோம். எனக்கு அப்போது ஒரு வயது. உம்மாவின் இடுப்பில் நான் போனேன். ஹொண்டா 90 வீட்டு விறாந்தையில் நின்றது.

அதற்குப் பிறகு இங்கே நடந்த மோட்டார் சைக்கிள் வரலாறு எங்களுக்குத் தெரியாத வரலாறு. எனக்கு அதைச் சொன்னவர்கள் கலாசாலையில் என்னோடு பயிற்சி பெற்ற தமிழ் ஆசிரியர்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலம் அது. யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினில் தீப்பிடிக்காது. அதனால் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு, உதைத்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். வெள்ளைப் புகை, கண்ணெரிவு. பிளக் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும். அழுத்தம் குறைந்த பழைய என்ஜின்கள்தான் இந்தக் கொடுமையைத் தாங்கின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மீண்டும் றோட்டுக்கு வந்ததும், ஹொண்டாவின் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்குகள் பிழைத்ததும் அதனால்தான். ஒரு நண்பர் சொன்னார்: "எங்களுக்கு ஸ்பீட் எண்டால் என்னெண்டு தெரியாது. ஸ்ராட் ஆகிறதுதான் சந்தோசம்." நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்தபோது இவர்கள் இங்கே இப்படி இருந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மற்றவரின் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

2002-இல் ஏ9 திறந்தது. வாப்பா முதல் ஆட்களோடு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 2006 ஓகஸ்டில் மீண்டும் பூட்டு. போர் முடிந்தபின்தான் பாதை நிலையாகத் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் வந்ததும் பூநகரி, மன்னார்ப் பக்கமும் வழி பிறந்தது. அன்று முதல் எங்கள் குடும்பங்கள் பல இரண்டு ஊரில் வாழ்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், கடை யாழ்ப்பாணத்தில். அனுராதபுரம் வழியே ஏறத்தாழ 270 கிலோமீற்றர். வியாழன் பின்னேரம் கடையைப் பூட்டி, ஜும்ஆவுக்குப் புத்தளம் போய்ச் சேரும் ஆட்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! பஜாஜ் சி.டி. 100-இல், பின்னால் அரிசி மூட்டையோடு. நெடுந்தூரப் பயணம் என்ற சொல்லுக்கு இவர்களைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

போருக்குப் பின் லீசிங் காலம். பல்சரும் அப்பாச்சியும் எஃப்.இசட்டும் ஒழுங்கைக்கு நாலு வந்தன. வண்டி வந்தது, தவணையும் வந்தது. அந்தக் கதையில் அழுத தாய்மார் அதிகம், இன்னொரு நாள் எழுதலாம். 2020-இல் வாகன இறக்குமதி நின்றது. பழைய வண்டிக்குப் புது விலை. 2022-இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அப்போது மூலையில் கிடந்த ஹொண்டா 50-களைத் துடைத்து வெளியே எடுத்தவர்களை எல்லோரும் பார்த்தோம்.

சரி, பொடியன்களின் கேள்வி.

ஆர்-15 பந்தய வண்டியின் பிள்ளை. வளைவில் அதன் சட்டம் சொன்னபடி கேட்கும். ஆனால் ஹாண்டில் தாழ்வு. உடம்பின் பாரம் மணிக்கட்டில். வவுனியா தாண்டும்போதே கை மரத்துவிடும், பின்னால் இருக்கிறவன் பாடு அதைவிட மோசம். எஃப்.இசட்டின் பின் ரயர் அகலம், இருக்கை நேர், மலையில் நம்பிக்கை தரும். ஏ9 வெளியில் எதிர்க்காற்று முழுவதும் நெஞ்சுக்கு. பல்சர் 220-க்கு முன்மறைப்பு இருக்கிறது, ஹாண்டில் அளவாகச் சாய்ந்தது, சக்தியும் போதும். ஸ்போர்ட் டூரர் என்ற எண்ணத்துக்கு எங்கள் கைக்கெட்டும் விலையில் அருகில் வருவது அதுதான் என்பது என் கருத்து. எஃப்.இசட் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் எந்த வண்டி என்பதைவிட இரண்டு விசயம் பெரிது. ஒன்று ரயர். நாங்கள் ஓடுவது நேரான தட்டை றோட்டு. ரயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பக்கத்தில் பள்ளம் பள்ளமாகக் கோடு தெரிவதால் "இன்னும் ஓடலாம்" என்று நினைப்போம். அந்த ரயரை வளைவில் சாய்த்தால் தட்டையின் விளிம்பில் ஏறி வண்டி திடீரென்று விழப் பார்க்கும். யாழ்ப்பாணத்து வண்டிகளுக்கே உரிய நோய் இது.

இரண்டாவது, இறக்கம். கலாசாலை முடித்த வருடம் நண்பரின் ஸ்கூட்டியை இரவல் வாங்கி, இன்னொரு நண்பரையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போனேன். ஏறும்போது ஒன்றுமில்லை. றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன், ஏனென்றால் ஸ்கூட்டியில் கியர் குறைத்து என்ஜினால் இழுத்துப் பிடிக்க வழியில்லை. கருகல் மணம் வந்தது. பிறகு பிறேக் பிடி மெதுவாக ஹாண்டில் வரைக்கும் வந்தது. டிரம் சூடேறினால் பிடிக்காது என்பது புத்தகத்தில் படித்திருந்தேன்; கையில் படித்தது அன்றைக்கு. வளைவுக்கு முன்னால் இடப்பக்கம் தேயிலைக் கரையில் வண்டியைக் கொண்டுபோய் முட்டினேன். இருவருக்கும் தோல் உரிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். வலப்பக்கம் பள்ளம். வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பா திட்டவில்லை. "ரெண்டாவது கியரில போட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். ஸ்கூட்டியில் இரண்டாவது கியர் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த அரைமணி நேரம் போனது.

வாப்பா யாழ்ப்பாணம் வரும்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்திருந்தார். றோட்டில் பழைய ஹொண்டா 90 ஒன்று போனால் இலக்கத் தகட்டைப் பார்ப்பார். பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தன் வண்டியின் ஸ்ரீ இலக்கம் அவருக்குப் பிள்ளைகளின் பிறந்த திகதியைவிட நல்ல ஞாபகம். ஒருநாள் டவுனில் ஒரு பழைய கராஜுக்கு நானும் அவரும் போனோம். எழுபது வயது தாண்டிய மெக்கானிக். வாப்பா இலக்கத்தைச் சொல்லிக் கேட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, அந்தக் காலம் சாமான் ஒண்டும் வராது. ஒரு வண்டியின்ர என்ஜின், இன்னொண்டின்ர போர்க், வேறொண்டின்ர சில்லு எண்டு கழட்டிக் கழட்டித்தான் ஓட விட்டனாங்கள். உங்கட வண்டி இப்ப பத்து வண்டியில ஓடும். தகட்டைப் பாத்துப் பிரயோசனமில்லை."

வாப்பா சிரித்தார். கராஜில் நின்ற ஒரு 90-இன் முன்மறைப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

போகிற ஐந்து பேரும் புதன்கிழமை அஸருக்குப் பிறகு ஐந்து சந்திக்கு வண்டியோடு வாருங்கள். ரயரை நான் பார்க்க வேண்டும். ஸ்கூட்டியில் போக நினைக்கிற அந்த ஒரு ஆள், நீ முதலில் வா.